வீட்டிலேயே முன்பக்க ஸ்ட்ரட் மாற்றி காரைத் தாழ்த்துவது: சுவரில் போடும் கோடு முதல் ஏற்காடு வளைவு வரை

ஒரு பக்கத்துக்கு இரண்டு பெரிய போல்ட், மேலே சில நட்டுகள், நடுவே ஒரு ஸ்பிரிங், எண்ணிப் பார்த்தால் முன்பக்க ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) வேலை அவ்வளவுதான். என் வண்டியில் செய்தேன், அப்புறம் மச்சான் வண்டி, பிறகு தெருப் பையன்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். போல்ட் கழட்டத் தெரியாமல் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. முன்னால் கழட்ட வேண்டியதைப் பின்னால் கழட்டியவர்களும், அளவு எடுக்காமல் ஆரம்பித்தவர்களும்தான் மாட்டிக்கொண்டார்கள். அதனால் வரிசையை மாற்றாமல் படியுங்கள். ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், சான்ட்ரோ, ஐ10 போன்ற சின்ன வண்டிகளுக்குப் பொதுவாக எழுதுகிறேன். எல்லாவற்றிலும் முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான், ஆனால் நட்டுகளின் அமைப்பு மாடலுக்கு மாடல் மாறும்.

1. எவ்வளவு தாழ்த்தப் போகிறீர்கள்?

இதை ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும், கண்ணுக்கு அழகாகத் தெரிவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. நீங்கள் போகும் தெருக்களிலேயே மோசமான தெரு எது என்று யோசியுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி போட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்திருக்கும். 2360 மி.மீ. வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்) உள்ள ஆல்டோ அதன் நடுவில் நின்றால் நான்கு சக்கரமும் மேட்டிலேயே நிற்பதால் வண்டியின் நடுவயிற்றில் சுமார் 41 மி.மீ. இடைவெளிதான் குறையும். நம் சந்தில் இரண்டு சட்டி சிமென்ட் கலவையில் ஒரு முழ அகலத்துக்கு ஊர்க்காரர்களே கட்டிய மேடு இருக்கிறதே, அது அப்படி இல்லை. முன் சக்கரம் தாண்டி இறங்கியதும் மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்கு நேராக வந்து நிற்கும்.

ஆகவே வீட்டில் எத்தனை பேர் ஏறுவீர்களோ அத்தனை பேரையும் உட்கார வைத்து, வயிற்றின் மிகத் தாழ்வான இடத்திலிருந்து (பெரும்பாலும் சைலன்சர் குழாய் அல்லது கிராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டம்) தரை வரை அளந்து பாருங்கள். புத்தகத்தில் தரை இடைவெளி 160 மி.மீ. என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சேலத்தில் தினசரி ஓட்டும் வண்டிக்கு 25 முதல் 30 மி.மீ. வரை போதும் என்பது என் கருத்து. 40 தாண்டினால் ஒவ்வொரு மேட்டிலும் மனைவியை இறக்கிவிட்டுத் தாண்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியை மாற்றி அமைப்பதைப் பற்றியது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களும் ஆர்.சி. புத்தகமும் வேறுபடும்படி மாற்றக் கூடாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரும் இதைத் தோண்டுவார். தெரிந்தே முடிவெடுங்கள். பழசு தேய்ந்துவிட்டது, கம்பெனி உயரத்திலேயே புது ஸ்ட்ரட் போட்டால் போதும் என்றாலும் கீழே சொல்லும் வரிசை அப்படியே பொருந்தும்.

2. என்ன வாங்க வேண்டும்

இரண்டு பக்கத்துக்கும் ஸ்ட்ரட், தாழ்த்தும் ஸ்பிரிங், மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் தலையைப் பாடியோடு பிடிக்கும் பாகம்), மவுண்ட் பேரிங், பம்ப் ஸ்டாப் (முழுக்க அமுங்கும்போது முட்டும் ரப்பர்), டஸ்ட் பூட் (தூசி மறைக்கும் உறை). கீழ் போல்ட்டுகளுக்குப் புது நட்டு. ஒரு பக்கம் மட்டும் ஆயில் கசிகிறது, அதை மட்டும் மாற்றுகிறேன் என்று சிக்கனம் பார்க்க வேண்டாம். இரண்டு பக்கமும் இரண்டு விதமாக அமுங்கினால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பின்பக்க ஸ்பிரிங்கும் அதே செட்டில் வரும், அதையும் அதே வாரத்தில் போட்டுவிடுங்கள். முன்பக்கம் மட்டும் இறங்கினால் வண்டி தலை குனிந்து நிற்கும், ஹெட்லைட்டும் மூக்குக்கு முன்னால் தரையைப் பார்க்கும்.

இருக்கிற ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. வேண்டாம். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும், அது ஒரு பக்கம். அதைவிட மோசம், ஜாக்கி போட்டுச் சக்கரம் தொங்கும்போது வெட்டின ஸ்பிரிங் உட்காரும் தட்டை விட்டு நழுவி நிற்கும், வண்டியை இறக்கும்போது கோணலாகப் போய் உட்காரும். கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது இன்னும் கேடு. சூடுபட்ட இடத்தில் இரும்பின் பதம் போய்விடும், எந்தப் பள்ளத்தில் உடையும் என்று சொல்ல முடியாது.

3. கருவியும் இடமும்

ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், சக்கரத்துக்குக் கட்டை. 10 முதல் 19 வரை சாக்கெட், நீளமான கைப்பிடி, ஆலன் கீ செட், டார்க் ரென்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), ஒரு ஜோடி ஸ்பிரிங் கம்ப்ரசர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கொக்கிக் கருவி), துரு இளக்கும் ஸ்பிரே, கம்பித் தூரிகை, கட்டுக்கம்பி, வெள்ளை பெயின்ட். கம்ப்ரசரை வாடகைக்கு எடுத்தால் மரையில் பல் போயிருக்கிறதா, கொக்கியில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து எடுங்கள்.

தரை சிமென்ட்டாக, மட்டமாக இருக்க வேண்டும். மண் தரையில் ஸ்டாண்டின் கால் புதையும். முதல் தடவைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் ஒரு பக்கம் முடியும். சித்திரை வெயிலில் பதினோரு மணிக்குச் சேலத்துச் சிமென்ட் தரையில் மல்லாந்து படுக்க முடியாது, அனுபவத்தில் சொல்கிறேன்.

முந்தைய நாள் மாலையே எல்லா நட்டுகளிலும் துருவைத் தூரிகையால் தேய்த்து ஸ்பிரே அடித்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறினால் காலையில் பாதிக் கஷ்டம் இருக்காது.

4. கழட்டும் முன் அளவு எடுங்கள்

நான்கு சக்கரத்துக்கும் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் வளைவு வரை அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரில் காற்று கூடக் குறைய அளவு மாறும், மையத்திலிருந்து அளந்தால் மாறாது. ஒரு தம்பி இதைச் செய்யாமலே வேலையை முடித்துவிட்டு, "அண்ணா, இடது பக்கம் கொஞ்சம் ஒசரமா இருக்கா பாருங்க" என்று கேட்டான். முன்பு எப்படி இருந்தது என்று அவனுக்கே தெரியாது, நான் என்ன சொல்ல?

ராத்திரி வண்டியைச் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்தி ஹெட்லைட் வெளிச்சத்தின் மேல்விளிம்பில் ஒரு கோடு போடுங்கள். வண்டி நின்ற இடத்தில் தரையிலும் ஒரு கோடு. கடைசியில் இரண்டும் தேவைப்படும்.

5. தூக்கி நிறுத்துவது

ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்குங்கள், தூக்கிய பிறகு முழு பலம் கொடுத்தால் வண்டி ஸ்டாண்டில் ஆடும். முன்பக்கம் இரண்டையும் தூக்கி இரண்டு ஸ்டாண்டிலும் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் (இரண்டு பக்கத்தையும் இணைத்து வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) முறுக்கிக்கொண்டு நிற்கும், அதை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க்கின் நட்டு வெளியே வர அடம் பிடிக்கும்.

ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் மட்கார்டைப் பிடித்து நன்றாக ஆட்டுங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். கழட்டிய சக்கரத்தை சைடு மெம்பருக்கு (பக்கவாட்டில் நீளமாக ஓடும் சட்டம்) கீழே படுக்க வையுங்கள்.

6. ஸ்ட்ரட்டில் தொங்குவதை விடுவிப்பது

முதலில் பிரேக் ஹோஸ் பிடிக்கும் கிளாம்ப், ஏ.பி.எஸ். இருந்தால் அதன் ஒயர், பிறகு ஸ்டெபிலைசர் லிங்க். இந்த மூன்றையும் விடுவிக்காமல் கீழ் போல்ட்டைக் கழட்டினால் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) வெளியே சாயும்போது அதன் எடை முழுவதும் ஹோஸில் விழும். உள்ளே நூல் அறுந்தாலும் வெளியே தெரியாது, மலை இறங்கும்போதுதான் தெரியும்.

லிங்க் நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் உருண்டையும் சேர்ந்து சுற்றும். நடுவில் ஆலன் கீ போட்டுப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். சில வண்டிகளில் ஸ்டெபிலைசர் பார் ஸ்ட்ரட்டுக்கு வராமல் நேராக லோயர் ஆர்முக்கு (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) போகும். அப்படியானால் அதைத் தொட வேண்டாம்.

7. கீழ் போல்ட், அப்புறம் மேல் நட்டு

நக்கிளும் ஸ்ட்ரட்டும் சேரும் இடத்தில் வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுங்கள். போல்ட் துளையில் இருக்கும் சின்ன இடைவெளியே கேம்பரை (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) கொஞ்சம் மாற்றும், திரும்பப் போடும்போது கோட்டுக்குக் கோடு சேர்த்தால் அலைன்மென்ட் கடை வரை வண்டி ஒழுங்காக ஓடும். போல்ட்டைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் கழட்டுங்கள். பல வண்டிகளில் போல்ட்டின் கழுத்தில் பல் இருக்கும், போல்ட்டைச் சுற்றினால் அந்தப் பல் துளையை அரைத்துவிடும்.

போல்ட்டை உருவும் முன் நக்கிளுக்குக் கீழே ஜாக்கி முட்டுக் கொடுங்கள். உருவியதும் கட்டுக்கம்பியால் நக்கிளைக் கட்டி வையுங்கள். அது வெளிப்பக்கம் சாய்ந்து இழுத்தால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் கழன்று வந்துவிடும், பிறகு ஸ்ட்ரட் வேலை போய் கியர்பாக்ஸ் ஆயில் வேலை ஆகிவிடும்.

இப்போது மேலே பானெட்டுக்குள். மவுண்டைச் சுற்றி இரண்டு மூன்று சின்ன நட்டுகள், நடுவில் ஒரு பெரிய நட்டு. சின்ன நட்டுகளை மட்டும் கழட்டுங்கள். அந்த நடு நட்டுதான் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. "இதையும் இப்பவே கழட்டிடட்டுமாண்ணா?" என்று கேட்காத புதியவனை நான் இன்னும் பார்க்கவில்லை. சில மாடல்களில் ஸ்ட்ரட்டை பாடியோடு பிடிப்பதே நடுவில் உள்ள ஒற்றை நட்டாக இருக்கும், ஸ்பிரிங்கைப் பிடிக்கும் நட்டு அதற்குக் கீழே ஒளிந்திருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டுப் படத்தைப் பார்க்காமல் அந்த இடத்தில் சாக்கெட்டை வைக்காதீர்கள். கடைசி நட்டைக் கழட்டும்போது ஒரு கை கீழே ஸ்ட்ரட்டைத் தாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் காலில் விழும்.

8. ஸ்பிரிங்கை அமுக்குவது

மொத்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய இடங்களில் இது ஒன்று. இங்கே அவசரப்படாதீர்கள், போன் வந்தால் எடுக்காதீர்கள், குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள்.

ஸ்ட்ரட்டைப் படுக்க வைத்து, மவுண்ட், பேரிங், மேல் தட்டு, ஸ்பிரிங் முனை எல்லாம் எந்தத் திசையில் நிற்கின்றன என்று போட்டோ எடுங்கள். இரண்டு கம்ப்ரசரையும் எதிரெதிராக, சரியாக நேருக்கு நேர் மாட்டுங்கள். எத்தனை சுற்றைப் பிடிக்க முடியுமோ அத்தனை சுற்றைப் பிடிக்க வேண்டும். இரண்டே சுற்றைப் பிடித்தால் அந்த இரண்டும் ஒட்டிக்கொள்ளுமே தவிர ஸ்பிரிங் இளகாது. மரையில் கிரீஸ் தடவுங்கள்.

இந்தப் பக்கம் மூன்று சுற்று, அந்தப் பக்கம் மூன்று சுற்று என்று மாற்றி மாற்றி, கை ஸ்பேனரால் மட்டும். ஏர் கன் வேண்டவே வேண்டாம், வேகத்தில் மரை சூடாகிப் பிடித்துக்கொள்ளும், ஒரு பக்கம் முந்திக்கொண்டு ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளையும். வளைய ஆரம்பித்தால் நிறுத்தி, இளக்கி, மறுபடி மாட்டுங்கள். ஸ்ட்ரட்டின் இரண்டு முனையும் யாருக்கும் நேராக இருக்கக் கூடாது.

எப்போது போதும்? ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருப்பினால் தட்டில் இலகுவாக ஆட வேண்டும். அந்த ஆட்டம் வந்த பிறகுதான் நடு நட்டு. ஸ்ட்ரட் தண்டின் நுனியில் ஆலன் கீயோ ஸ்பேனரோ போட்டுப் பிடித்துக் கழட்டுங்கள். பட்டறைக்காரர்கள் வண்டி தரையில் நிற்கும்போதே அந்த நட்டை அரைச் சுற்று இளக்கி வைப்பார்கள், வேலை சுலபம்தான், ஆனால் முதல் தடவை செய்பவருக்கு நான் அதைச் சொல்லித் தருவதில்லை. பளபளக்கும் தண்டை பிளையரால் மட்டும் பிடிக்காதீர்கள். ஒரு சின்னக் கீறல் ஏறி இறங்கும்போதெல்லாம் ஆயில் சீலைக் கிழிக்கும், இரண்டு மாதத்தில் புது ஸ்ட்ரட்டும் கசியும்.

9. புதியதைக் கூட்டுவது

புது ஸ்ட்ரட்டை நிமிர்த்தி வைத்து, தண்டை முழுக்க அமுக்கி முழுக்க இழுத்து ஐந்தாறு தடவை செய்யுங்கள். படுக்கையில் கிடந்ததால் உள்ளே ஏறிய காற்று வெளியேறும். முதல் ஒன்றிரண்டு தடவை லேசாக நழுவுவது போல இருக்கும், பிறகு சீராகப் பிடிக்கும்.

பழைய பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போலிருந்தால் தூக்கிப் போடுங்கள், அதை மிச்சம் பிடித்தால் வளைவில் ஸ்டீயரிங் திரும்பி வராது. பம்ப் ஸ்டாப் பழைய நீளத்திலேயே இருந்தால் தாழ்ந்த வண்டி எப்போதும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும், "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு" என்று ஸ்பிரிங்கைத் திட்டுவீர்கள். ஸ்பிரிங் கம்பெனி எவ்வளவு வெட்டச் சொல்கிறதோ அவ்வளவு வெட்டுங்கள், அடியோடு எடுத்துவிடாதீர்கள்.

ஸ்பிரிங்கின் கீழ் முனை, தட்டில் இருக்கும் படியில் போய் முட்டி நிற்க வேண்டும். தாழ்த்தும் ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம்தான் அமுக்கல் தேவைப்படும். கொஞ்சம்கூடத் தேவைப்படாமல் லொடலொடவென்று உள்ளே போனால் அந்த ஸ்பிரிங் உங்கள் ஸ்ட்ரட்டுக்கானது இல்லை. நடு நட்டை இறுக்கிய பிறகே கம்ப்ரசரை இளக்குங்கள், அதுவும் மாற்றி மாற்றி.

பெரிய டயர் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஸ்பிரிங் இல்லாமல் ஸ்ட்ரட்டை மட்டும் வண்டியில் மாட்டி, சக்கரத்தையும் போட்டு, ஜாக்கியால் நக்கிளை மேலே ஏற்றி ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். எங்கே உரசும் என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும்.

10. திரும்ப ஏற்றுவது

மேல் நட்டுகளை முதலில் கையால் மட்டும் போடுங்கள், ஸ்ட்ரட் தொங்கட்டும். நக்கிளை ஜாக்கியால் உயர்த்திக் கீழ் போல்ட்டுகளை நுழையுங்கள். துளை நேராக வராவிட்டால் சுத்தியால் அடிக்காமல் ஜாக்கியை ஒரு நூல் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பெயின்ட் கோடு சேர்ந்ததும் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். பிறகு லிங்க், ஹோஸ், ஒயர். ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள். அடுத்த பக்கமும் இதே மாதிரி.

11. தரையில் இறக்கிய பிறகு

வீல் நட்டை நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். ஆல்டோவுக்கு 85 நியூட்டன் மீட்டர். மேல் மவுண்ட் நட்டுகளுக்கும் இப்போது கடைசி இறுக்கு. வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, நான்கு மூலையிலும் அமுக்கிவிட்டு, சுவரில் எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் முனை படியில் உட்காரவில்லையா என்று முதலில் பாருங்கள்.

நான் முதல் தடவை விட்டது ஒன்று: லோயர் ஆர்ம் புஷ். அந்த ரப்பர் பழைய உயரத்தில் இறுக்கப்பட்டது, வண்டி தாழ்ந்ததும் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு வருஷத்துக்குள் இரண்டு புஷ்ஷும் கிழிந்தன. நான்கு சக்கரத்தையும் தடித்த பலகைகள் மேல் ஏற்றி நிறுத்தி, எடை சக்கரத்தில் இருக்கும்போதே ஆர்ம் போல்ட்டை இளக்கி மறுபடி இறுக்குங்கள். பத்து நிமிஷ வேலை.

12. அலைன்மென்ட், லைட்

தாழ்த்தினால் கேம்பர், டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) இரண்டும் மாறும். டோ தப்பாக இருந்தால் டயரின் உள்விளிம்பைத் தின்றுவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அடுத்த நாளே அலைன்மென்ட் பாருங்கள், ஸ்பிரிங் படிந்த பிறகு 500 கி.மீ.யில் மறுபடி ஒரு தடவை. ஹெட்லைட்டைப் பழைய கோட்டில் அப்படியே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். விளக்கு எத்தனை மி.மீ. இறங்கியதோ, கோடும் அத்தனை மி.மீ. இறங்க வேண்டும்.

13. ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் தெருவுக்குள், கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டு இல்லாமல். எங்கள் அம்மாப்பேட்டைப் பக்கம் தறிச் சத்தத்தில் எந்தச் சத்தமும் காதில் விழாது, அதனால் நான் பைபாஸ் ஓரம் போய்த்தான் கேட்பேன். மேட்டில் லொடக்கென்றால் மேல் மவுண்ட் அல்லது லிங்க் நட்டு. திருப்பும்போது டொய்ங் என்று ஒலித்தால் ஸ்பிரிங் படியில் இல்லை அல்லது பேரிங் தலைகீழ்.

இரண்டாவது ஓட்டம் கோரிமேடு வழியாக அடிவாரம் போய் ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவுகள், ஸ்டீயரிங் முழுக்க ஒடிந்திருக்கும்போதே வெளிச் சக்கரம் அமுங்கும், ஆள் ஏற்றிப் போனால் இன்னும் அமுங்கும். தட்டையான சாலையில் மாதக்கணக்கில் தெரியாத உரசல் இங்கே நாலாவது வளைவிலேயே தெரியும். வார நாளில் காலையில் போங்கள். மே மாதக் கோடை விழா நெரிசலில் வளைவில் நிறுத்தி இறங்கிப் பார்க்க இடமே கிடைக்காது. மட்கார்டின் உட்புறத்தில் முன்கூட்டியே சாக்பீஸ் தடவி வைத்தால் டயர் தொட்ட இடம் துடைத்துக்கொண்டு போயிருக்கும்.

இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பது, அது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். அடிவாரத்தில் நிறுத்தி ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், கீழ் போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும் டார்க் ரென்ச்சால் மறுபடி ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் சுவரில் அளவைத் தேதியோடு எழுதுங்கள். கம்பெனி ஸ்பிரிங்குகளை எண்ணெய் தடவிக் கோணியில் சுற்றிப் பரண்மேல் போட்டு வையுங்கள், வண்டியை விற்கும் அன்று வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.